நட்டவர் பலர், உயிர்ப்பித்தவர் யார்?

 

  

பராஅத் இரவில் ஜியாரத்துக்காக நம் கபரஸ்தானுக்கு வந்தவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பீர்கள். வடக்குச் சுவரை ஒட்டி வரிசையாகக் கம்பிக் கூண்டுகள் நிற்கின்றன. இரண்டு வருடங்களுக்கு முன்பு, நம் ஜமாஅத் இளைஞர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு வாங்கி வைத்தவை. அன்று 40 கன்றுகள் நட்டோம். துஆ ஓதியவன் நான்தான். ஃபோட்டோ எடுத்தோம், டீ குடித்தோம், கலைந்தோம்.

இந்த வருடம் எண்ணிப் பார்த்தேன். உயிரோடு இருப்பவை ஒன்பது. மற்ற இடங்களில் கூண்டு இருக்கிறது, கன்று இல்லை. ஒரு குழியில் கன்றின் வேரைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பையைக்கூடக் கழற்றாமல் மண்ணைத் தள்ளியிருக்கிறோம். அந்த ஒன்பதும் எப்படிப் பிழைத்தன என்று விசாரித்தேன். கபர் வெட்டும் பெரியவர் கோடை முழுக்க வாளியில் தண்ணீர் சுமந்து ஊற்றியிருக்கிறார். அவர் அன்று ஃபோட்டோவில் இல்லை. ஏன் ஊற்றினீர்கள் என்று கேட்டதற்கு, “ஹஜ்ரத், மய்யித்தைத் தூக்கிட்டு வர்றவங்க வெயில்ல நிக்கிறாங்க. ஒதுங்க ஒரு நிழல் இல்லையே, அதான்” என்றார்.

துஆ ஓதிய நான் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றவில்லை. ஆகவே இந்த வாரம் உங்களுக்குச் சொல்வதற்கு முன்பு எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

மரம் நடுதல் ஒரு தர்மம்

மரம் நடுவதன் சிறப்பைப் பற்றிய ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். ஒரு முஸ்லிம் ஒரு மரத்தை நட்டு, அல்லது ஒரு பயிரை விதைத்து, அதிலிருந்து ஒரு மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால், அது அவருக்கு ஸதகாவாக ஆகிவிடும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது.

இதே கருத்தை ஜாபிர் (ரலி) அறிவிக்கும்போது, அது சொல்லப்பட்ட இடத்தையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அன்சாரிப் பெண்மணி உம்மு முபஷ்ஷிர் (ரலி) அவர்களின் பேரீச்சந் தோட்டத்துக்கு நபி (ஸல்) அவர்கள் சென்றார்கள். இந்த மரங்களை நட்டவர் முஸ்லிமா என்று விசாரித்தார்கள். ஆம் என்று பதில் வந்த பிறகுதான் இந்த நற்செய்தியைக் கூறினார்கள். முஸ்லிமில் வரும் இன்னொரு அறிவிப்பில், அந்த மரத்திலிருந்து திருடப்பட்டதும் நட்டவருக்கு ஸதகாதான் என்று வருகிறது.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, உண்பவர் யார் என்று நபியவர்கள் நிபந்தனை வைக்கவில்லை. எந்த மனிதர் உண்டாலும், எந்தக் காக்கை கொத்தினாலும் நன்மை உண்டு. நாம் சாலையோரத்தில் நடும் நாவல் மரத்தின் பழத்தை எல்லா மதத்துப் பிள்ளைகளும் பொறுக்குவார்கள். அத்தனையும் நம் கணக்கில் சேரும்.

இரண்டாவது, நாம் அதிகம் யோசிக்காதது. இந்த ஹதீஸ் பேசும் நன்மை, மரத்திலிருந்து ஓர் உயிர் பலன் அடையும்போது வருகிறது. குழி தோண்டிய நாளோடு அது முடிவதில்லை. கன்று பிழைத்து வளர்ந்தால்தான் பறவை வரும், நிழல் வரும், கனி வரும்.

முஸ்னத் அஹ்மதில் வரும் ஓர் அறிவிப்பு இதைத் தெளிவாகவே சொல்கிறது. மரத்தை நட்டு, அதைப் பாதுகாப்பதிலும் பராமரிப்பதிலும் பொறுமையாக இருந்து, அது கனி தரும் வரை நிற்பவருக்கு, அந்தக் கனியில் ஒவ்வொன்றுக்கும் அல்லாஹ்விடம் ஸதகா உண்டு என்பது அதன் கருத்து. இதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். ஆனாலும் மேலே சொன்ன ஸஹீஹான ஹதீஸ்களின் கருத்தோடு இது ஒத்துப்போகிறது. நடுவதற்குப் பொறுமை தேவையில்லை, ஒரு மணி நேரம் போதும். காப்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

நம் கவனிப்பையும் மீறிக் கன்று பட்டுப்போனால் கவலைப்பட வேண்டாம். நல்லோரின் கூலியை அல்லாஹ் வீணாக்குவதில்லை. கவனிக்காமல் விட்டதால் பட்டுப்போனால்தான் நாம் யோசிக்க வேண்டும்.

ஒரு தோழரின் விடுதலைக்காக 300 கன்றுகள்

ஊர் கூடி மரம் நடுவது நபித்தோழர்களின் வழிமுறை என்பதற்கு ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் வரலாறு சாட்சி. பாரசீகத்தில் பிறந்து, சத்தியத்தைத் தேடி ஊர் ஊராக அலைந்து, கடைசியில் அடிமையாக விற்கப்பட்டு மதீனா வந்தவர்கள் அவர்கள். அடிமையாக இருந்ததால் பத்ரிலும் உஹதிலும் கலந்துகொள்ள முடியவில்லை.

எஜமானரிடம் விடுதலை ஒப்பந்தம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். எஜமானர் கேட்ட விலை 40 ஊக்கியா தங்கமும் 300 பேரீச்ச மரங்களும். உங்கள் சகோதரருக்கு உதவுங்கள் என்று நபியவர்கள் தோழர்களிடம் சொன்னார்கள். ஒருவர் 30 கன்றுகள் கொண்டுவந்தார், ஒருவர் 20, இன்னொருவர் 15, வேறொருவர் 10. அவரவர் வசதிக்கேற்பக் கொடுத்து 300 சேர்ந்தது. குழிகளைத் தோண்டி முடித்ததும் என்னிடம் வா, என் கையாலேயே வைக்கிறேன் என்று ஸல்மானிடம் சொன்னார்கள். தோழர்கள் கூட நின்று குழி தோண்டினார்கள். கன்றுகளை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, நபி (ஸல்) அவர்கள் தம் திருக்கரத்தால் வைத்தார்கள். அவற்றில் ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை என்று ஸல்மான் (ரலி) சத்தியமிட்டுச் சொல்கிறார்கள். இந்த நீண்ட ஹதீஸ் முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. பிறகு தங்கமும் கொடுக்கப்பட்டு, சுதந்திர மனிதராக அவர்கள் கலந்துகொண்ட முதல் போர் அகழ்ப் போர்.

கன்று கொடுத்தவர் ஒருவர், குழி தோண்டியவர் ஒருவர், வைத்தவர்கள் நபியவர்கள். இன்று நாம் தன்னார்வலர் குழு என்று சொல்வது இதைத்தான்.

இதில் ஒரு சொல் இருக்கிறது, ஓதும் காலத்தில் நான் கவனிக்காமல் தாண்டிப் போனது. ஒப்பந்தத்தைச் சொல்லும்போது ஸல்மான் (ரலி), 300 மரங்களை நடுவேன் என்று மட்டும் சொல்லவில்லை. ‘உஹ்யீஹா’ என்கிறார்கள், அதாவது அவற்றை உயிர்ப்பித்துத் தருவேன். 300 குழிகளில் 300 குச்சிகளை ஊன்றியிருந்தால் விடுதலை கிடைத்திருக்காது. மரங்கள் பிழைக்க வேண்டும். ஒரு மனிதரின் விடுதலையே அதில் அடங்கியிருந்தது.

மூன்று வருடக் கணக்கு

தரிசு நிலத்தைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவருவதற்கும் ஷரீஅத் சட்டத்தில் ‘இஹ்யா’, அதாவது உயிர்ப்பித்தல் என்றே பெயர். செத்த நிலத்தை உயிர்ப்பித்தவருக்கே அது உரியது என்பது நபிமொழி. எல்லையில் நாலு கல்லை நட்டு வைத்தால் அது இஹ்யா ஆகாது, அதற்கு ‘தஹ்ஜீர்’ என்று பெயர். கல் வைத்து இடம் பிடித்தவர் மூன்று வருடம் அதைப் பண்படுத்தாமல் விட்டால் அவருக்கு அதில் உரிமை இல்லை என்று உமர் (ரலி) அவர்கள் தீர்ப்பளித்தார்கள். நம் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்), கலீஃபா ஹாரூன் ரஷீதுக்காக எழுதிய ‘கிதாபுல் கராஜ்’ நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இது நிலத்தின் உரிமை பற்றிய சட்டம், மரக்கன்றைப் பற்றியது அல்ல. ஆனாலும் அதில் நமக்குப் பாடம் இருக்கிறது. அடையாளம் வைப்பது வேறு, உயிர்ப்பிப்பது வேறு. நம் கள்ளக்குறிச்சி வெயிலில் ஒரு வேப்பங்கன்றோ புங்கங்கன்றோ தன் வேரைக் கீழே இறக்கித் தானே தண்ணீர் தேடிக்கொள்ள இரண்டு மூன்று கோடைகள் ஆகும். அதுவரை அதற்கு நாம்தான் பொறுப்பு. கபரஸ்தானில் நிற்கும் அந்தக் காலிக் கூண்டுகள், நாம் நட்டு வைத்த எல்லைக் கற்களைப் போலத்தான்.

நம் மலையும் நம் தண்ணீரும்

மரம் நம் ஊருக்கு அழகுக்காக மட்டும் அல்ல. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான நம் கள்ளக்குறிச்சியின் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை இருக்கிறது. கோமுகி ஆறு அங்கேதான் பிறக்கிறது. கச்சிராயப்பாளையத்துக்குப் பக்கத்தில் 46 அடி கொள்ளளவுள்ள கோமுகி அணை, பத்தாயிரம் ஏக்கருக்கும் மேல் பாசனம் தருகிறது. மணிமுக்தா அணைக்கும் அந்த மலையிலிருந்துதான் தண்ணீர் வருகிறது. நம் கரும்பும் நெல்லும் மலையை நம்பித்தான் இருக்கின்றன. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர் மரச்சிற்பத் தொழிலும் வாகை போன்ற மரங்களை நம்பியே இருக்கிறது.

அல்லாஹ் வானத்திலிருந்து அளவோடு தண்ணீரை இறக்கி அதை பூமியில் தங்க வைப்பதாகவும், அதைப் போக்கிவிடவும் தனக்கு ஆற்றல் உண்டு என்றும் சூரா அல்முஃமினூனில் சொல்கிறான். ‘தங்க வைத்தோம்’ என்ற சொல்லை மலையடிவாரத்தில் நின்று ஓதிப் பாருங்கள். மரம் இருக்கும் சரிவில் மழை இலையில் விழுந்து, சருகில் இறங்கி, வேர் வழியாக மண்ணுக்குள் போகிறது. பிறகு ஊற்றாகக் கசிந்து மாதக்கணக்கில் ஓடையில் வருகிறது. மொட்டைச் சரிவில் விழும் மழை ஒரே நாளில் மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடுகிறது. அந்த மண் அணையில்தான் வந்து படிகிறது. தண்ணீரைத் தங்க வைப்பவன் அல்லாஹ். அதற்கு அவன் ஏற்படுத்திய காரணங்களில் ஒன்று மரம்.

முயன்றால் முடியுமா என்று கேட்பவர்கள் தூரம் போக வேண்டாம். முன்பு நம் மாவட்டமாக இருந்த விழுப்புரத்தில், புதுச்சேரி எல்லையை ஒட்டி ஆரோவில் இருக்கிறது. 1968இல் அது தொடங்கியபோது அந்த இடம் மழைநீர் அரித்துப்போன செம்மண் பொட்டல். அங்கு வந்தவர்கள் முதலில் மண் கரைகள் போட்டு மழைநீரை நிறுத்தினார்கள், பிறகு கன்று நட்டார்கள். இன்று அது காடு. பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில், மலையில் மரம் வளர்க்கும் தன்னார்வலர்கள் பல ஆண்டுகளாக உழைக்கிறார்கள். கோடையில் தீ பரவாமல் இருக்கப் புல்லை அகற்றித் தடுப்புக் கோடுகள் வெட்டுவதும், தீப்பிடித்தால் ஓடிப்போய் அணைப்பதும் அவர்களுடைய வேலையில் பெரும் பகுதி. அவர்களின் நம்பிக்கை வேறு, நம் நம்பிக்கை வேறு. ஆனால் விடாமுயற்சி எங்கிருந்தாலும் கற்றுக்கொள்ள வேண்டியது. தமிழக அரசும் 2022 செப்டம்பர் 24 அன்று பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக உயர்த்த வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது.

மலையைப் பற்றிப் பேசும்போது மலையில் வாழும் மக்களை மறக்கக் கூடாது. கல்வராயன் மலையின் மலையாளி பழங்குடியினர் கடுக்காயும் புளியும் தேனும் எடுத்து, சாமையும் மரவள்ளியும் விளைவித்து வாழ்கிறார்கள். பிழைப்பு இல்லாத நிலையில், ஆந்திரக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டக் கூலிக்கு ஆள் பிடிப்பவர்கள் மலைக்கிராமங்களுக்கு வருகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழகத் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பேரின் உடல்கள் மிதந்தன. அவர்கள் இதே மலையின் சேலம் பக்கம், கருமந்துறைப் பகுதியைச் சேர்ந்தவர்கள். மரத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் அதை நம்பி வாழும் மனிதரின் வயிற்றையும் பார்க்க வேண்டும். மலைக்கிராமத்தில் நட ஆசைப்படும் நம் இளைஞர்கள் முதலில் அந்த மக்களிடம் கேளுங்கள். அவர்களுக்குப் பலன் தரும் கடுக்காய், நெல்லி, பலா, புளி வையுங்கள். காட்டு நிலம் என்றால் வனத்துறை அனுமதியோடு செய்யுங்கள்.

இருப்பதைக் காப்பதும் இபாதத்

நூறு கன்று நடுவதைவிட, நிற்கும் ஒரு மரத்தை வெட்டாமல் விடுவது சில நேரம் பெரிய நன்மை. மதீனாவை நபி (ஸல்) அவர்கள் புனித எல்லையாக அறிவித்து அங்கே மரம் வெட்டுவதைத் தடுத்தார்கள். ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி), அந்த எல்லைக்குள் ஓர் அடிமை மரம் வெட்டுவதைக் கண்டு அவனிடம் இருந்ததைப் பறிமுதல் செய்தார்கள். உரிமையாளர்கள் வந்து கேட்டும் திருப்பித் தரவில்லை. இது முஸ்லிமில் உள்ளது.

இலந்தை மரத்தை வெட்டுபவரைக் கடுமையாக எச்சரிக்கும் ஒரு ஹதீஸை இமாம் அபூதாவூத் (ரஹ்) பதிவு செய்து, அதற்கு விளக்கமும் தருகிறார்கள். வெட்டவெளியில் வழிப்போக்கரும் கால்நடையும் ஒதுங்கும் மரத்தை, எந்த உரிமையும் இல்லாமல் வீணாக வெட்டுபவருக்கே இந்த எச்சரிக்கை என்கிறார்கள். சிரியாவுக்குப் படை அனுப்பியபோது கனி தரும் மரங்களை வெட்டாதீர்கள் என்று அபூபக்கர் (ரலி) கட்டளையிட்டதை இமாம் மாலிக் (ரஹ்) முவத்தாவில் எழுதுகிறார்கள். போரிலேயே இந்தக் கட்டுப்பாடு! சருகு விழுகிறது, கடை போர்டை மறைக்கிறது என்பதற்காக முப்பது வருட வேப்ப மரத்தின் அடியில் ஆசிட் ஊற்றுகிறவரை என்ன சொல்வது?

வீட்டுக்கும் உயிருக்கும் ஆபத்தான மரத்தை வெட்டத் தடையில்லை. தேவையையும் சோம்பலையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

நம் மஹல்லாவில் என்ன செய்யலாம்?

முதலாவது, இனி நம் ஜமாஅத்தில் ஒரு கன்றுக்கு ஒரு குடும்பம் பொறுப்பு. மூன்று வருடம். பொறுப்பேற்க ஆள் இல்லாத கன்றை நட வேண்டாம். 40 நட்டு 9 பிழைப்பதைவிட 12 நட்டு 12 பிழைப்பது மேல். அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான அமல், குறைவாக இருந்தாலும் நிரந்தரமாகச் செய்யப்படுவதுதான் என்பது நபிமொழி அல்லவா?

இரண்டாவது, பள்ளியில் ஒளூ செய்த தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. ‘முஸ்தஃமல்’ எனப்படும் அந்தத் தண்ணீர் சுத்தமானதுதான், ஆனால் அதைக் கொண்டு மறுபடி ஒளூ செய்ய முடியாது என்பதே நம் மத்ஹபின் தீர்ப்பு. செடிக்கு ஊற்ற எந்தத் தடையும் இல்லை. ஒரு குழாய் போட்டுத் திருப்பிவிட்டால் சுற்றுச்சுவர் ஓரத்தில் இருக்கும் கன்றுகள் ஐந்து வேளையும் குடிக்கும்.

மூன்றாவது, இடமும் முறையும். தொழும் இடத்துக்குள் தேவையில்லாமல் மரம் வைப்பது மக்ரூஹ், ஆகவே வெளி வளாகத்தில் வையுங்கள். கபரஸ்தானில் கபர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் சுவர் ஓரமாக வையுங்கள். வக்ஃபுக்காக நடப்பட்ட மரம் வக்ஃபின் சொத்து, அதை நினைத்தபடி யாரும் வெட்டக் கூடாது. அடுத்தவர் நிலத்தில் அனுமதியின்றி நடாதீர்கள். மின்கம்பிக்குக் கீழே பெரிய மரம் வேண்டாம். மழைக்காலத் தொடக்கத்தில் நடுங்கள். பையைக் கழற்றுங்கள், வேர் மண் உதிராமல் வையுங்கள், ஆடு மேயாமல் முள் வேலி கட்டுங்கள், கோடையில் அடியில் சருகைப் பரப்பி மூடாக்குப் போடுங்கள்.

நான்காவது, மக்தப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டு கொடுக்கப் போகிறோம். ஒவ்வொரு முஹர்ரமிலும் கன்றுகளை அவர்கள் எண்ணுவார்கள். எத்தனை நட்டோம் என்பதை இனி மிம்பரில் அறிவிக்க மாட்டேன். எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பதை மட்டும் அறிவிப்பேன்.

தாய்மார்களே, உம்மு முபஷ்ஷிர் (ரலி) அவர்களின் தோட்டத்தில்தான் அந்த நற்செய்தி சொல்லப்பட்டது. அரிசி களைந்த தண்ணீர் ஒரு கன்றுக்குப் போதும். வயதான பெரியோர்களே, நான் எங்கே இதன் நிழலைப் பார்க்கப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். கியாமத் நாள் வந்துவிட்டாலும், கையில் ஒரு கன்று இருந்து அதை நட முடியுமானால் நட்டுவிடட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதாக அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். டமாஸ்கஸில் அபூதர்தா (ரலி) மரம் நட்டுக்கொண்டிருந்தபோது, நபித்தோழரான நீங்களா இந்த வேலை செய்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். அவசரப்பட்டு என்னைப் பற்றி முடிவு செய்யாதே என்று சொல்லி, மரம் நடுவதன் நன்மை பற்றிய ஹதீஸை அவருக்குச் சொன்னார்கள்.

இன்ஷா அல்லாஹ், வரும் ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு கபரஸ்தானுக்குப் போவோம். புதுக் கன்று எதுவும் நடப் போவதில்லை. இருக்கும் ஒன்பதுக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் ஊற்றுவோம். காலிக் கூண்டுகளைக் கழற்றி மழைக்காலத்துக்காக எடுத்து வைப்போம். முதல் வாளியை நான் சுமக்கிறேன். எப்படிச் செய்ய வேண்டும் என்று அந்தப் பெரியவர் நமக்குக் காட்டித் தருவார்.

யா அல்லாஹ்! எங்கள் மலைகளில் இறக்கும் மழையை எங்கள் மண்ணில் தங்க வைப்பாயாக! எங்கள் கைகளால் நடப்பட்டவற்றை உன் அருளால் உயிர்ப்பிப்பாயாக! தொடங்கிய நல்ல அமலை முடிக்கும் பொறுமையை எங்களுக்குத் தருவாயாக! எங்கள் கபர்களுக்கு மேலும், எங்களுக்குப் பின் வரும் பிள்ளைகளின் தலைக்கு மேலும் நிழல் தருவாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.